உரிமையாளர் வெளிநாட்டில், வீடு ஊரில்: வாடகைக்கு விடுமுன்பும் காணி வாங்குமுன்பும் கேட்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றையாவது காணலாம். உரிமையாளர்கள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பரிசிலோ இருப்பார்கள். சாவி தூரத்து உறவினர் ஒருவரிடம் இருக்கும்; அல்லது ஒரு குடும்பம் 'வீட்டைப் பார்த்துக்கொண்டு' உள்ளே குடியிருக்கும். மறுபுறத்தில், இதே ஊர்களில் காணி வாங்கவும் வீடு கட்டி வாடகைக்கு விடவும் வெளிநாட்டுப் பணம் வந்துகொண்டிருக்கின்றது. இரு சாராரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இருப்பவரை எழுப்ப முடியுமா? வாங்கினால் காணி கையில் நிற்குமா? வரும் வாடகை போட்ட காசுக்குக் கட்டுமா?

சிக்கல் என்னவென்றால், இக்கேள்விகள் அனேகமாகப் பிரச்சினை முற்றிய பின்னரே கேட்கப்படுகின்றன. 'எங்கட ஆள்தானே' என்று வாய்ப்பேச்சில் விட்ட வீடுகளும், வெள்ளைத்தாளில் எழுதிய உடன்படிக்கைகளும்தான் மாவட்ட நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன.

ஒரு மாதத்துக்கு மேல் என்றால் நொத்தாரிசு

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்தது. இன்றும் நடைமுறையில் உள்ளது. காணி, வீடு போன்ற அசையா ஆதனங்களை விற்பதானாலும் ஈடு வைப்பதானாலும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகைக்குக் கொடுப்பதானாலும், அது எழுத்தில் இருக்க வேண்டும். பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் முன் அதற்கு வலுவில்லை.

நடைமுறையில் நடப்பது வேறு. கடையில் வாங்கிய படிவத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, சமாதான நீதவான் ஒருவரின் முத்திரையையும் பெற்றுக்கொண்டு, இரண்டு வருட உடன்படிக்கை செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். நீதிமன்றத்துக்குப் போனால் அந்தத் தாளில் உள்ள 'இரண்டு வருடம்' நிற்காது. மாதாமாதம் வாடகை கொடுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் மாத வாடகையாகவே கொள்ளப்படும். இதில் நட்டம் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல. இரண்டு வருடம் இருக்கலாம் என்ற நம்பிக்கையில் சொந்தக் காசில் சமையலறை கட்டிய குடியிருப்பாளரும் அதே தாளைத்தான் கையில் வைத்திருக்கிறார். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு '11 மாத ஒப்பந்தம் எழுதினால் போதும்' என்பவர்களும் உண்டு. அது இந்தியப் பதிவுச் சட்டம் காரணமாக அங்கே வந்த வழக்கம். இலங்கையில் 11 மாதமும் ஒரு மாதத்துக்கு மேற்பட்டதுதான்.

முறையான குத்தகை உறுதி எழுதிப் பதிவதற்கு நொத்தாரிசுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் செலவாகும். அதைத் தவிர்க்கத்தான் பலரும் வெள்ளைத்தாளை நாடுகிறார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின்னர் அந்தச் சிக்கனம் முன்னரைவிடக் கூடுதலாக விலை கேட்கிறது. குத்தகைக்கு விடப்பட்ட கட்டடங்களின் உடைமையை மீளப் பெறுவது பற்றிய சட்டம் அது. குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரைச் சாதாரண வழக்குப்போல் நீண்ட விசாரணையின்றிச் சுருக்கமான நடைமுறையில் வெளியேற்றக் கோர அது வழிசெய்கிறது. முறைப்படி எழுதிப் பதிந்த குத்தகை கையில் இருப்பவரே அந்த வழியை நாடலாம். மற்றவர்களுக்குப் பழைய நீண்ட வழிதான்.

உறுதியில் என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். வாடகைத் தொகையும் காலமும் எல்லோருக்கும் நினைவில் வரும். மறப்பது மற்றவற்றை: காலம் முடிந்தும் இருந்தால் நாளொன்றுக்கு எவ்வளவு நட்டஈடு, உள்வாடகைக்கு விடலாமா, தண்ணீர் மோட்டர் பழுதானால் யார் செலவு, முற்பணம் எப்போது எந்தக் கழிவுகளுடன் திரும்பும், வீட்டை எந்த நிலையில் ஒப்படைத்தோம். சாவி கொடுக்கும் நாளில் மின்மானி இலக்கத்தையும் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொண்டால், பின்னர் வரும் சண்டைகளில் பாதி வராது. மின்பட்டியல் உரிமையாளர் பெயரில் இருக்கும் வரை நிலுவையும் அந்தக் கணக்கிலேயே ஏறும் என்பதால், மாதாமாதம் செலுத்திய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவது நல்லது. வாடகையை வங்கிக் கணக்கு மூலம் பெறுவது இருவருக்கும் பாதுகாப்பு.

பூட்டை மாற்றினால் என்ன நடக்கும்?

வாடகை தராதவரை எழுப்ப நம்மூரில் சொல்லப்படும் மிகப் பழைய யோசனை, மின்சாரத்தை வெட்டு, பூட்டை மாற்று, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போ என்பது. இதைவிட மோசமான யோசனை இல்லை. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், காணித் தகராறினால் சமாதானக் குலைவு ஏற்படக்கூடும் என்றால் விடயம் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீதிபதி பார்ப்பது யாருடைய உறுதி என்பதையல்ல, யார் உடைமையில் இருந்தார் என்பதை. வழக்குக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே இருத்தும்படி கட்டளையிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆக, பூட்டை மாற்றிய உரிமையாளர் செலவழித்து, அவமானப்பட்டு, அதே குடியிருப்பாளரை நீதிமன்றக் கட்டளையுடன் மீண்டும் வீட்டுக்குள் காண நேரும்.

பழைய நகரப் பகுதிகளில் வீடோ கடையோ வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்குக் கடும் பாதுகாப்பு வழங்குகிறது. அச்சட்டம் பொருந்தும் கட்டடத்தில் வாடகையை நினைத்தபடி கூட்ட முடியாது. சட்டம் கூறும் காரணங்கள் இன்றி வெளியேற்ற முடியாது. குடியிருப்பாளர் இறந்தாலும் உடனிருந்த மனைவி, பிள்ளைகளுக்கு அந்த உரிமை தொடரக்கூடும். 1980 ஜனவரிக்குப் பின்னர் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகள் பொதுவாக இதற்குள் வருவதில்லை. எனவே புதிய வீடு கட்டி வாடகைக்கு விடுபவருக்கு இந்தப் பயம் குறைவு. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கடைத்தொகுதியில் வாடகைக்காரருடன் சேர்த்து வாங்குபவர், அந்த மலிவுக்குக் காரணம் அவர்தான் என்பதை உணர வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது விலைக்கு வாங்கியவர், 'எனக்கே தேவை' என்ற காரணத்தைக் காட்டி வழக்கிடுவதற்கும் அச்சட்டத்தில் தடை உண்டு. வாடகைச் சட்டத்துக்கு வெளியேயுள்ள கட்டடமானாலும், குத்தகை விற்பனைக்கு முந்தும் என்பது உரோம-டச்சுச் சட்டம் நமக்கு விட்டுச்சென்ற கோட்பாடு. விற்றுவிட்டதால் குத்தகை முடிந்துவிடாது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினர்

வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் அஞ்சுவது ஆட்சியுரிமைக்கு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராக, தடையின்றி 10 ஆண்டுகள் ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். '10 வருடம் இருந்தால் வீடு அவருக்கு' என்று இதைச் சுருக்கிச் சொல்வது பாதி உண்மை. வாடகைக்காரராகவோ காவலாளியாகவோ அனுமதியுடன் உள்ளே வந்தவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த இருப்பு உரிமையாளருக்குக் கீழ்ப்பட்டதே. உரிமையாளரை மறுத்து வெளிப்படையாக அவர் ஏதாவது செய்த நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். கூட்டு உரிமையாளர்களாகிய சகோதரர்களுக்கு இடையிலும் பொதுவாக இதே நிலைதான்.

அப்படியானால் பயப்பட ஏதுமில்லையா? உண்டு. அனுமதியுடன்தான் வந்தார் என்பதை எதைக்கொண்டு காட்டுவது? 1995 இடப்பெயர்வின்போதோ அதற்குப் பிறகோ சாவியைக் கொடுத்தவர் இன்று உயிருடன் இல்லை. பெற்றுக்கொண்டவரின் பிள்ளைகள் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். துண்டுக் கடிதம்கூட இல்லை. சோலைவரியை 20 ஆண்டுகளாகக் கட்டிவந்தது உள்ளே இருப்பவர், பற்றுச்சீட்டுகளும் அவரிடமே. அந்தக் குடும்பத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கும்: கூரை விழாமல் காத்தது அவர்கள்தானே. போர்க் காலத்தில் தம் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட அது இடமளித்தது. ஆனால் வழக்கிட இரண்டு ஆண்டுகளே கொடுக்கப்பட்டன. அந்தச் சட்டம் இருந்ததே தெரியாமல் அவகாசத்தைத் தவறவிட்டவர்கள் பலர்.

இன்று செய்யக்கூடியது சிறியது, ஆனால் பயனுள்ளது. வீட்டில் இருப்பவருடன், அவர் உரிமையாளரின் அனுமதியுடன் எந்த நிபந்தனையில் இருக்கிறார் என்பதை நொத்தாரிசு மூலம் எழுதிக்கொள்வது. சோலைவரியை உரிமையாளர் பெயரிலேயே கட்டுவது. உறவு முறியும் என்ற தயக்கத்தில் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். எழுதாமல் விட்டதால் முறிந்த உறவுகளே அதிகம் என்பது என் எண்ணம்.

அற்றோணித் தத்துவமும் இப்படித்தான். காணியைப் பராமரிக்க என்று கொடுக்கும் தத்துவத்தில் விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுப்பது நம்மவர் வழக்கம், 'தேவைப்பட்டால் இருக்கட்டும்' என்று. தேவைக்கு மேல் ஓர் அதிகாரமும் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்தவர் இறந்த கணமே தத்துவம் செத்துவிடும். அதன் பின்னர் அதை வைத்து எழுதப்படும் அறுதி உறுதி, வாங்குபவரின் தலையில்தான் விழும். எனவே தத்துவக்காரரிடம் வாங்குபவர், தத்துவம் பதியப்பட்டுள்ளதா, இரத்துச் செய்யப்பட்டதா என்று பார்ப்பதோடு, கொடுத்தவருடன் நேரில் காணொளி அழைப்பிலாவது பேசிவிட வேண்டும்.

தோம்பு பார்ப்பது யாருடைய வேலை?

காணி வாங்கும்போது விற்பவரின் நொத்தாரிசே வாங்குபவருக்கும் தோம்பு பார்த்துச் சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. வாங்குபவர் தனக்கென ஒரு சட்டத்தரணியை வைத்துக்கொள்வது இந்த முழு முதலீட்டிலும் மிக மலிவான செலவு. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுப் பதிவுகளையாவது பார்க்க வேண்டும். ஈடு, வழக்குப் பதிவு, வேறொருவருக்கு எழுதிய உறுதி எல்லாம் அங்கேதான் தெரியும். 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாமல் பெட்டிக்குள் வைத்த உறுதியைவிட, பின்னர் எழுதப்பட்டாலும் முந்திப் பதியப்பட்ட உறுதி மேலோங்கலாம். உறுதி முடிந்த கையோடு பதிவது அதனால்தான் முக்கியம். போரில் மூலவுறுதி தொலைந்திருந்தால், நொத்தாரிசு பதிவாளருக்கு அனுப்பிய இரண்டாம் பிரதியிலிருந்து நகல் பெறலாம்.

வடக்கில் தேசவழமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆதனம் முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்பதைப் பொறுத்து யார் கையெழுத்து வேண்டும் என்பது மாறும். கணவர் இறந்த பின் மனைவி தனியாக எழுதிக் கொடுத்த தேடியதேட்டக் காணியில் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கலாம். திருமணமான பெண் முன்னைய சட்டத்தின் கீழ் எழுதிய உறுதியில் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் உள்ளதா என்பதையும் நோக்க வேண்டும். பிரிக்கப்படாத பங்கை வாங்கும்போது மற்றக் கூட்டு உரிமையாளர்களுக்கு 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தரும் முன்கொள்வனவு உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால், அவர்கள் நீதிமன்றம் போய் அந்தப் பங்கைத் தாமே வாங்கக் கேட்கலாம். உறுதியில் 'இரண்டு பரப்பு' என்று இருப்பதை நம்பிக் காசு கொடுக்காமல் நில அளவையாளரைக் கொண்டு அளப்பதும் அவசியம். ஒரு பரப்பு 10 பேர்ச்; பழைய உறுதிகளின் எல்லைகளோ வேலியையும் பூவரசையும் அயலவர் பெயரையும் நம்பியிருப்பவை.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் காணிகளில் கணிசமானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அவை அரச காணிகள். பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. வெள்ளைத்தாளில் 'விற்பனை' எழுதி முழுக்காசும் கொடுத்தவருக்குக் கடைசியில் கையில் மிஞ்சுவது அந்தத் தாள் மட்டுமே. அரசு தானே உரிமை கோர முனைந்ததையும் மறந்துவிடக் கூடாது. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு அறிவித்தது. கடும் எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பின்னர் அது கைவிடப்பட்டது. உறுதியின்றி, ஊரிலும் இல்லாதிருப்பவர்கள் எவ்வளவு எளிதில் அகப்படுவர் என்பதை அந்த மூன்று மாதங்கள் காட்டின.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவருக்கு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. பெற்றோரின் ஆதனத்தை வாரிசாகப் பெறுவதற்கும் தடையில்லை. இதைத் தாண்ட மைத்துனர் பெயரில் வாங்குவோர், சட்டப்படி காணி மைத்துனருடையது என்ற உண்மையுடன் வாழ வேண்டும். காசை உண்டியலில் அனுப்பி வாங்கியவருக்கு இன்னொரு சிக்கல் பின்னால் வரும். உள்முக முதலீட்டுக் கணக்கு ஊடாக வராத பணத்தில் வாங்கிய ஆதனத்தை விற்றால், அந்தத் தொகையை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்வது எளிதல்ல.

கொழும்பில், குறிப்பாக வெள்ளவத்தையில், தொடர்மாடி வீடு வாங்குவோர் கேட்க வேண்டியது ஒன்றே: கட்டடத்தின் தொடர்மாடி வரைபடம் பதியப்பட்டுள்ளதா? பதியாதவரை, வீட்டுக்கெனத் தனி உறுதி பொதுவாகக் கிடைக்காது. பளிங்குத் தரையையும் மின்தூக்கியையும் அதன் பிறகு பார்க்கலாம்.

கணக்கு

உதாரணத்துக்கு, இரண்டரைக் கோடி ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கி மாதம் 60,000 ரூபாய்க்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,20,000 ரூபாய். போட்ட காசில் 3 வீதத்துக்கும் குறைவு. அறுதி உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமுமாக முத்திரைத் தீர்வை ஏறத்தாழ 10 இலட்சம். முதல் 16 மாத வாடகையும் அதற்கே போய்விடும். நொத்தாரிசுக் கட்டணம், வர்ணம் பூச்சு, ஆளில்லாத மாதங்கள் எல்லாம் இதற்கு மேல். வாடகை வருமானத்துக்காக மட்டும் வீடு வாங்குவது கணக்கில் நிற்காது என்பதே என் கருத்து. காணியின் விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் உண்மையில் வாங்கப்படுகிறது. ஏற்கெனவே காணி உள்ளவர் பல்கலைக்கழகத்தை அண்டிய திருநெல்வேலி போன்ற இடத்தில் அறைகள் கட்டி விடுவது வேறு கணக்கு.

தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோர் இரண்டு இடங்களில் அகப்படுவர். மாகாண இறைவரித் திணைக்களம் சந்தைப் பெறுமதியைத்தான் பார்க்கும். குறைந்தால் மிகுதியைக் கேட்கும். பின்னர் விற்கும்போது, குறைத்து எழுதிய விலையே கொள்விலை ஆகி, மூலதன ஆதாயம் பெரிதாகத் தெரியும். அந்த வரி 2018 ஏப்ரலில் 10 வீதமாக வந்து, தனிநபருக்கு 2025 ஏப்ரல் முதல் 15 வீதமாகியது. 2017 செப்டெம்பர் 30க்கு முன்னர் வாங்கியிருந்தால் அன்றைய சந்தைப் பெறுமதியைக் கொள்விலையாக எடுக்கலாம் என்பதால், மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை செலவுக்கு மேல் மிச்சம் தரும். குறிப்பிட்ட காலம் உரிமையாளராகவே குடியிருந்த சொந்த வீட்டுக்கு விலக்கு உண்டு.

வாடகையும் வருமானமே. தனிநபர் அதில் 25 வீதத்தைப் பராமரிப்புக்கான நிவாரணமாகக் கழிக்கலாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரையான தனிநபர் நிவாரணமும் உண்டு. வங்கிக் கிளை அல்லது கம்பனிக்கு மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் வாடகைக்கு விட்டால், அவர்கள் 10 வீதத்தைப் பிடித்துக்கொண்டே மிகுதியைத் தருவார்கள். பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்தால்தான் ஆண்டிறுதியில் வரிப் படிவத்தில் அதைக் கழிக்க முடியும்.